உங்க எழுத்துல உங்க கண்ணுக்கே தெரியாத பிழைகள்... ப்ரூஃப் ரீடரோடு வேலை செய்வது எப்படி?

தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள், ராஜகோபுரத்தை போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. ஆனால், அந்தக் கோயிலில் போட்டோவில் சிக்காத ஒரு விஷயமும் இருக்கிறது. 15-ம் நூற்றாண்டில் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், கல்வெட்டுப் பாடலாகவே ஒரு வேண்டுகோளை விட்டுச் சென்றிருக்கிறார். அதன் சாரம் இதுதான்: 'இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை வந்து, அதை ஒருவர் சரிசெய்து காப்பாற்றினால், அவர் யாராக இருந்தாலும் உலகம் அறிய நான் அவரைப் பணிகிறேன்.'

கட்டியவரோ ராஜா. 'என் வேலையில் குறையே வராது' என்று அவர் சொல்லவில்லை. குறை வரும், அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், பார்ப்பவருக்கு இப்போதே ஒரு கும்பிடு என்கிறார். வெகுகாலம் சிதைந்து நின்ற ராஜகோபுரம், புதிதாகக் கட்டப்பட்டு 1990-ல் குடமுழுக்கு கண்டது. அவர் கேட்டுக்கொண்டதைச் செய்ய, பல நூறு வருஷம் கழித்தும் ஆள் வந்தார்கள்.

எழுதுகிற ஒவ்வொருவருக்கும் தேவையான மனநிலை இதுதான். முதல் சிறுகதைத் தொகுப்பு, கிண்டிலில் போடப்போகும் நாவல், காலேஜ் ப்ராஜெக்ட், அக்கா கல்யாணப் பத்திரிகை, ஹோம்ஸ்டேவுக்கு ஒரு இன்ஸ்டா விளம்பரம்... எதுவாக இருந்தாலும் எழுதினவர் கண்ணுக்குத் தெரியாத பிழை அதில் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்பவர்தான் பிழை திருத்துநர். பிரஸ் மொழியில் 'ப்ரூஃப் ரீடர்', அச்சுத்தமிழில் 'மெய்ப்புப் பார்ப்பவர்'.

அவரை எப்படித் தேடுவது, எப்படி வேலை வாங்குவது, அவர் போடும் சிவப்புக் கோடுகளில் எதை ஏற்பது, எதை மறுப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட்

கீழே இருப்பது நாமே உருவாக்கிய ஒரு விளம்பரம். ஒருமுறை மட்டும் படியுங்கள். எத்தனை பிழை கண்ணில் படுகிறது?

"சீசன் ஆரம்பிச்சாச்சு! குற்றால மழையிலிருந்து விழும் அறுவியில் குளிக்க கூட்டம் அலை மோதுகிறது. ஐந்தருவி அருகே சுத்தமான அரைகள் வாடகைக்கு உண்டு. குடும்பத்துடன் வறுபவர்களுக்கு தனி இடவசதி. பழைய குத்தாலத்துக்கு ஆட்டோ வசதியும் உண்டு."

இப்போது விடை:

• மழை - மலை: அருவி விழுவது மலையிலிருந்து. 'மழை' சரியான தமிழ்ச் சொல்தான். இடம்தான் தப்பு.

• அறுவி - அருவி: வேகமாக டைப் செய்யும்போது ர, ற இடம் மாறுவது ரொம்ப சாதாரணம்.

• அரை - அறை: அரை என்றால் பாதி. பாதி ரூமை யாரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்கள்!

• வறுபவர் - வருபவர்: படித்ததும் குற்றாலத்துக் கடைகளில் வறுக்கும் நேந்திரம் சிப்ஸ்தான் ஞாபகம் வரும்.

• குளிக்கக் கூட்டம், வருபவர்களுக்குத் தனி: இரண்டு இடத்திலும் நடுவே ஒற்று வர வேண்டும்.

• அலைமோதுகிறது: ஒரே சொல், சேர்த்து எழுத வேண்டும்.

இதுவரை ஏழு. இன்னும் இரண்டு பாக்கி. அவை பிழைகள் அல்ல, எழுதியவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள். ஒன்று, 'ஆரம்பிச்சாச்சு' என்று பேச்சுத்தமிழில் தொடங்கி 'மோதுகிறது' என்று எழுத்துத்தமிழுக்குத் தாவுகிறது. தெரிந்து செய்ததா, தெரியாமல் வந்ததா? இரண்டு, 'குத்தாலம்'. தென்காசிப் பக்கம் பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால், மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலம் என்றே ஒரு ஊர் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்க்கும் வெளியூர்க்காரர் கூகுள் மேப்பில் 'குத்தாலம்' என்று தேடினால் எங்கே போய் நிற்பார்?

நல்ல ப்ரூஃப் ரீடர் முதல் ஏழையும் திருத்திவிடுவார். கடைசி இரண்டையும் உங்களிடம் கேட்பார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கட்டுரை முழுக்க இதைச் சுற்றித்தான் இருக்கும்.

நம்ம பிழை நமக்கு ஏன் தெரியறதில்ல?

நீங்கள் எழுதியதை நீங்களே படிக்கும்போது, திரையில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பது மூளைக்கு ஏற்கெனவே தெரியும். அது அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். 'அரை' என்று இருந்தாலும் 'அறை' என்றே படித்துவிட்டுப் போகும். கவனக்குறைவு என்று உங்களைத் திட்டிக்கொள்ளத் தேவையில்லை, வாசிப்பு வேலை செய்யும் விதமே இதுதான். 20 வருஷமாக எழுதுபவருக்கும் இதே நிலைமைதான்.

'ஸ்பெல் செக்கர் போதாதா?' என்று கேட்கலாம். தமிழுக்கு இலவசமாகவே நல்ல கருவிகள் இருக்கின்றன. நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' எழுத்துப்பிழைகளைக் காட்டும், அவருடைய 'நாவி' சந்திப்பிழைகளுக்கு உதவும். இரண்டையும் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் மழை, அரை போன்றவை அகராதியில் உள்ள சொற்கள். அங்கே மென்பொருள் பெரும்பாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடும். அந்த இடத்தில் எந்தச் சொல் வர வேண்டும் என்பது, விஷயம் புரிந்து படிப்பவருக்குத்தான் தெரியும்.

ஏ.ஐ. செயலிகளிலும் கவனம் தேவை. 'திருத்திக் கொடு' என்று பொதுவாகக் கேட்டால், பிழையோடு சேர்த்து உங்கள் நடையையும் மாற்றி, எல்லோரும் எழுதுவதுபோல மொழுமொழுவென்று ஆக்கிவிடும். 'பிழைகளை மட்டும் பட்டியல் போடு, எதையும் மாற்றாதே' என்று கேட்பது நல்லது. பட்டியலில் வருவதும் எல்லாம் சரியாக இருக்காது. அகராதியைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

ப்ரூஃப் ரீடர் வேற, எடிட்டர் வேற

பணம் கொடுப்பதற்கு முன் இது தெளிவாக வேண்டும். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

• எடிட்டர்: கதை இரண்டாம் அத்தியாயத்தில் தொங்குகிறதா, கட்டுரையின் வாதம் நிற்கிறதா, எதை வெட்டலாம் என்று பார்ப்பவர். எழுத்தின் கட்டமைப்பில் கை வைப்பவர்.

• காப்பி எடிட்டர்: வாக்கியம் வாக்கியமாகப் போய், தெளிவில்லாத இடங்களைச் சரிசெய்பவர். 3-ம் பக்கத்தில் 'முருகேசன்', 30-ம் பக்கத்தில் 'முருகேஷ்' என்று வந்தால் பிடிப்பவர்.

• ப்ரூஃப் ரீடர்: எல்லாம் முடிந்து, அச்சுக்கோ அப்லோடுக்கோ போகும் முன் கடைசியாகப் பார்ப்பவர். எழுத்துப்பிழை, ஒற்று, சொல் இடைவெளி, நிறுத்தற்குறி, பக்க எண், தலைப்பு, படக்குறிப்பு எல்லாம் இவர் பொறுப்பு.

தமிழில் இந்த மூன்று வேலையும் பல நேரம் ஒருவர் தலையிலேயே விழுகிறது. அதனால் 'கொஞ்சம் பாத்துக் குடுங்க' என்று சொல்லிவிட்டு, பின்பு 'ஏன் கதையை மாத்துனீங்க?' என்றோ, 'கதை நல்லா இல்லன்னு ஏன் சொல்லல?' என்றோ கேட்பதில் நியாயம் இல்லை. எந்த வேலை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எடிட்டிங்கை ஒரு தனிக் கலையாகத் தமிழில் வளர்த்தவர்களில் 'க்ரியா' எஸ்.ராமகிருஷ்ணன் முக்கியமானவர். 1974-ல் சென்னையில் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கினார். எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பிரதியைச் செம்மைப்படுத்துவதில் பெயர் பெற்றவர். 1992-ல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைக்கும் பிழை திருத்துபவர்களின் மேஜையில் இருக்கும் புத்தகம். 2020 நவம்பரில் அவர் கொரோனாவால் காலமானார். அந்த அகராதியின் விரிவாக்கிய பதிப்பு வெளியானதும் அதே மாதத்தில்தான்.

ஃபைலை அனுப்பும் முன்: உங்க பங்கு வேலை

தூசி தட்டாத வீட்டில் பெயின்டரைக் கூப்பிடக் கூடாது. ப்ரூஃப் ரீடருக்கு அனுப்பும் முன் நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஆறப்போடுங்க. எழுதி முடித்த அன்றே படிக்காதீர்கள். இரண்டு மூன்று நாளாவது விடுங்கள்.

2. உருவத்தை மாத்துங்க. வேர்டில் எழுதியதை போனில், வேறு ஃபான்ட்டில் படியுங்கள். முடிந்தால் பிரின்ட் எடுங்கள். பழகிய வடிவம் மாறினால் கண் விழித்துக்கொள்ளும்.

3. சத்தமா படிங்க. கூச்சமாக இருந்தால் போனில் இருக்கும் 'ரீட் அலவுட்' வசதியைப் பயன்படுத்துங்கள். விட்டுப்போன சொல், இரண்டு முறை வந்த சொல் எல்லாம் காதில் உறுத்தும். ஆனால் ர - ற போன்றவற்றைக் காதை நம்பி விடாதீர்கள், அங்கே கண்தான் வேண்டும்.

4. யூனிகோடுக்கு மாத்துங்க. பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிய ஃபைல் என்றால் கூடுதல் கவனம். கால் வர வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்து, காலம் 'கரலம்' ஆகியிருக்கும். 'ஔவை' என்ற சொல்லில் ஔ என்ற ஓர் எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்து இருக்கும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், தேடினால் கிடைக்காது.

5. பெயர், தேதி, எண் மூன்றையும் நீங்களே சரிபாருங்க. உங்கள் தாத்தா பெயரின் இனிஷியல் 'சு'வா 'சி'யா என்று எந்த ப்ரூஃப் ரீடருக்கும் தெரியாது.

ஆளை எங்கே பிடிக்கலாம்?

பத்திரிகை, பதிப்பகங்களில் வேலை பார்த்தவர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், தமிழ் இலக்கிய மாணவர்கள்... மூன்று வட்டத்திலும் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த, பிழை குறைவாக இருக்கும் ஒரு புத்தகத்தின் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டினால், மெய்ப்புப் பார்த்தவரின் பெயர் பல நேரம் அங்கேயே இருக்கும்.

தமிழ் நன்றாகத் தெரிந்தவர் எல்லோரும் நல்ல ப்ரூஃப் ரீடர் இல்லை. அர்த்தத்தில் மூழ்காமல் எழுத்தைப் பார்ப்பது தனிப் பயிற்சி. அதனால் முழு ஃபைலையும் கொடுக்கும் முன், இரண்டு பக்கம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் காசு கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்த பக்கங்களில் இதைக் கவனியுங்கள்: பிழையைப் பிடித்திருக்கிறாரா? சந்தேகம் வந்த இடத்தில் கேள்வி கேட்டிருக்கிறாரா? சரியாக இருந்ததை மாற்றியிருக்கிறாரா? மூன்றாவதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

கட்டணத்தை வார்த்தைக்கு, பக்கத்துக்கு அல்லது ஃபாரத்துக்கு என்று பேசுவார்கள். புத்தகத் தொழிலில் ஒரு ஃபாரம் என்பது பொதுவாக 16 பக்கம். எத்தனை முறை பார்ப்பார், எப்போது தருவார், எப்போது பணம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஃபைலை அனுப்பிவிட்டு 'காலைல கெடைக்குமா சார்?' என்று கேட்பதும் பிழைக்கு நீங்களே கொடுக்கும் அழைப்புதான். அவசரத்தில் அவர் கண்ணும் உங்கள் கண்போலத்தான் ஓடும்.

முதல் மெசேஜ் எப்படி இருக்கலாம்? ஒரு மாதிரி:

"வணக்கம் ஐயா. 96 பக்கச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று முடித்திருக்கிறேன். வேர்டு ஃபைல், யூனிகோடு. எழுத்துப்பிழை, ஒற்று, நிறுத்தற்குறி மட்டும் பார்த்தால் போதும். உரையாடல்கள் எல்லாம் தென்காசி வட்டார வழக்கு, அதை மாற்ற வேண்டாம். பெயர், ஊர் எழுதும் முறைக்குத் தனியாக ஒரு பக்கக் குறிப்பு இணைத்திருக்கிறேன். சந்தேகம் உள்ள இடங்களில் திருத்தாமல் கேள்வியாகப் போட்டுத் தரமுடியுமா? எத்தனை நாள் ஆகும், கட்டணம் எவ்வளவு என்று சொல்லுங்கள்."

அந்த ஒரு பக்கக் குறிப்பு

பதிப்பகங்களில் இதை 'ஸ்டைல் ஷீட்' என்பார்கள். தமிழில் ஒரே சொல்லைப் பலவிதமாக எழுத இடம் உண்டு. எது சரி என்பதைவிட, புத்தகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குற்றாலத்தில் நடக்கும் கதை என்றால் குறிப்பு இப்படி இருக்கலாம்:

• கதைசொல்லும் பகுதியில் குற்றாலம். பாத்திரம் பேசினால் குத்தாலம்.

• பிரானூர் பார்டர் கடையில் சாப்பிடுவது எல்லா இடத்திலும் 'பரோட்டா'. 'புரோட்டா' வேண்டாம்.

• 'சாரல்' என்று வருவது தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும் குற்றாலச் சாரல். 'தூறல்' என்று மாற்ற வேண்டாம்.

• வருஷம் எண்ணில்: 1956-ல். வயது எழுத்தில்: பதினெட்டு வயது.

• துணைவினை சேர்த்து: செய்துகொண்டு, பார்த்துவிட்டு.

• அடைமொழி, பட்டப்பெயருக்கு ஒற்றை மேற்கோள். பேச்சுக்கு இரட்டை மேற்கோள்.

சில வரலாற்றுத் தகவல்களையும் குறித்துவைப்பது நல்லது. உதாரணமாக, செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்ப் பக்கம். தென்காசி தனி மாவட்டமானது 2019-ல். 1940-களில் நடக்கும் கதையில் 'செங்கோட்டையைத் தாண்டி நம்ம மாகாணத்துக்கு வந்தான்' என்று நீங்கள் சரியாகவே எழுதியிருப்பீர்கள். விவரம் தெரியாதவர் அதைத் தவறு என்று நினைத்துக் கை வைக்கலாம். ஒரு வரிக் குறிப்பு இருந்தால் பிரச்னையே இல்லை.

எது வரைக்கும் திருத்தலாம்? குற்றாலம் கண்ட ஒரு பெரிய விவாதம்

பிழை திருத்துவதற்கு எல்லை எங்கே என்ற கேள்வியைக் குற்றாலத்தில் கேட்காமல் போக முடியாது. காரணம், 'ரசிகமணி' டி.கே.சிதம்பரநாத முதலியார். சட்டம் படித்தவர், திருநெல்வேலியில் தன் வீட்டில் நடந்த 'வட்டத்தொட்டி' இலக்கியக் கூட்டத்தால் புகழ்பெற்றவர். பிற்காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து, 1954-ல் மறைந்தார். ராஜாஜி, கல்கி எல்லாம் அவருடைய நெருங்கிய நண்பர்கள். ஒரு பாடலை அவர் சொல்லிக் கேட்பதற்காகவே குற்றாலத்துக்கு ஆள்கள் வந்தார்கள்.

டி.கே.சி-க்குக் கம்பர் மேல் உயிர். கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி பிற்காலத்தில் யாரோ நுழைத்த இடைச்செருகல் என்று அவர் நம்பினார். தன் காதுக்கும் ரசனைக்கும் ஒத்துவராத பாடல்களை ஒதுக்கினார். சில இடங்களில், 'கம்பர் இப்படித்தான் பாடியிருப்பார்' என்று சொற்களையே மாற்றினார். அப்படி உருவானதுதான் 'கம்பர் தரும் ராமாயணம்'.

அவரால் கம்பருக்குள் நுழைந்த வாசகர்கள் ஏராளம். ஆனால், தமிழறிஞர்கள் பலர் இந்தத் திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஏட்டுச்சுவடியில் ஆதாரம் இல்லாமல், ரசனையை மட்டும் வைத்து இன்னொருவர் பாடலில் கை வைக்கலாமா என்பதே கேள்வி. கம்பர் வந்து 'அது என் சொல்தான், விட்டுடுங்க' என்று சொல்ல முடியாது, இல்லையா?

உங்களால் சொல்ல முடியும்! உங்களுக்கு இருக்கும் பெரிய வசதியே அதுதான். திருத்துபவர் எவ்வளவு பெரிய ரசிகராக, அறிஞராக இருந்தாலும், எதை மாற்றினார் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடைசி முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும். இதற்குத்தான் அடுத்த விஷயம்.

சிவப்புக் கோடுகளை எப்படிப் படிக்கறது?

வேர்டில் 'ட்ராக் சேஞ்சஸ்', கூகுள் டாக்ஸில் 'சஜெஸ்டிங்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். எந்த எழுத்து போனது, எது வந்தது என்று நிறத்தில் தெரியும். அவருக்குத் தாளில் பேனாவால் திருத்தித்தான் பழக்கம் என்றால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிரின்ட் கொடுங்கள், திருத்தங்களை நீங்களே ஃபைலில் ஏற்றுங்கள். அப்படி ஏற்றும்போது மொழி கற்கும் அளவுக்கு, வேறு எப்போதும் கற்க முடியாது.

ஃபைல் திரும்பி வந்ததும் சிவப்பைப் பார்த்து முதலில் மனசு சுருங்கும். அது எல்லோருக்கும் நடப்பதுதான். ஒரு நாள் விட்டுவிட்டுத் திறந்து, திருத்தங்களை மூன்று கட்டாகப் பிரியுங்கள்.

முதல் கட்டு - விதி. எழுத்துப்பிழை, ஒற்று, இடைவெளி. இங்கே ஈகோ வேண்டாம். ஓர் ஒற்று அர்த்தத்தையே மாற்றும். 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. இடைவெளியும் அப்படித்தான். 'அவனை விட மாட்டேன்' என்றால் கோபம். 'அவனைவிட' என்று சேர்த்தால் ஒப்பீடு, வாக்கியமே குழம்பிவிடும். சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்பதற்கு மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' உதவும். அடிப்படை இலக்கணத்துக்கு அ.கி.பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' இன்றும் கைகொடுக்கும்.

இரண்டாம் கட்டு - கேள்வி. 'இந்த ஊர்ப் பெயர் சரியா?', 'போன பக்கத்தில் செவ்வாய்க்கிழமை என்று இருந்ததே?' என்று ஓரத்தில் கேட்டிருப்பார். ஒன்றுவிடாமல் பதில் எழுதுங்கள். 'ஓகே' என்று மட்டும் போடாதீர்கள். எது ஓகே என்று அவருக்குத் தெரியாது.

மூன்றாம் கட்டு - குரல். கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். 'மாமா வந்துட்டாவ' என்று உங்கள் பாத்திரம் சொல்கிறது. சென்னையில் இருக்கும் ப்ரூஃப் ரீடர் அதை 'வந்துட்டாங்க' என்று மாற்றியிருக்கிறார். இலக்கணப்படி அவர் எதையும் கெடுக்கவில்லை. ஆனால் தென்காசி வீட்டில் பேசிய ஒரு மனுஷியை, டிவி சீரியலில் பேசும் மனுஷியாக்கிவிட்டார். 'அங்கன', 'எங்கன', 'ஏட்டி', 'அண்ணாச்சி' எல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போகும். கதையில் பிழை இருக்காது, ஊரும் இருக்காது. இங்கே தயங்காமல் 'பழையபடியே இருக்கட்டும்' என்று எழுதுங்கள்.

வட்டாரச் சொல் என்றால் கொச்சை என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன், கரிசல்காட்டுச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டார். டி.கே.சி-யின் ரசிகரான அவர்தான், 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றவர். அதனால் 'எங்க ஊர்ல இப்படித்தான் சொல்வோம்' என்பது சாக்கு கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: அப்படித்தான் சொல்வோம் என்றால் எல்லாப் பக்கத்திலும் அப்படியே சொல்ல வேண்டும். 10-ம் பக்கத்தில் 'வந்தாவ', 12-ம் பக்கத்தில் அதே ஆச்சி 'வந்தாங்க' என்றால், ப்ரூஃப் ரீடர் திருத்தியது சரிதான்.

அச்சுக்குப் போகும் முன் கடைசிச் சுற்று

திருத்தம் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் புதுப் பிழைகள் முளைக்கும். வேர்டு ஃபைல், பக்க வடிவமைப்புக்குப் போனதும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக உடையலாம். ஒரு பத்தி காணாமல் போகலாம். பழைய தலைப்பு அப்படியே தங்கிவிடலாம். அதனால் இறுதி பி.டி.எஃப்-ஐ இன்னொருமுறை பார்க்க வேண்டும். இந்தச் சுற்றில் வாக்கியங்களை மாற்றாதீர்கள். பிழையை மட்டும் பாருங்கள். கடைசி நிமிஷத்தில் சேர்த்த வரியை யாரும் ப்ரூஃப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எதை அதிகம் பார்ப்பது? அட்டை, முதுகுப்பகுதி, உள்தலைப்பு, பொருளடக்கத்தின் பக்க எண்கள், படக்குறிப்பு, உங்கள் பெயர், போன் நம்பர். பெரிய எழுத்தில் இருக்கும் பிழைதான் கடைசி வரை தப்பிக்கும். அங்கே பிழை இருக்காது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

கல்யாணப் பத்திரிகைக்கும் இதே கதைதான். பிரஸ்ஸில் இருந்து வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் வரும். மண்டபத்து வேலையில் ஓடிக்கொண்டே கட்டைவிரலைத் தட்டிவிடுவோம். அந்த 'ஓகே'வோடு பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. அச்சடித்த பிறகு முகூர்த்த நேரத்தில் காலை மாலையாக இருந்தால், மறுபடி அடிக்கும் செலவு பெரும்பாலும் உங்களுடையதுதான். வீட்டில் இரண்டு பேர், ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் எழுத்தைப் பார்க்க, ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். பெயர், இனிஷியல், தேதியும் கிழமையும், நேரம், மண்டபம். அந்த ஐந்தும் சரி என்றால் மட்டும் 'ஓகே'.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க

• எந்த வேலை வேண்டும் (எடிட்டிங்கா, ப்ரூஃபா) என்று முதலிலேயே சொன்னேனா?

• யூனிகோடு ஃபைல், ஒரே ஃபைல், பெயரில் தேதியோடு அனுப்பினேனா?

• ஒரு பக்கக் குறிப்பு இணைத்தேனா? வட்டார வழக்கைத் தொட வேண்டாம் என்று சொன்னேனா?

• திருத்தங்கள் எல்லாம் என் கண்ணுக்குத் தெரிகிறதா?

• கேள்விகள் அனைத்துக்கும் பதில் எழுதினேனா?

• இறுதி பி.டி.எஃப்-ஐ இன்னொருவர் பார்த்தாரா?

• பேசிய பணத்தைப் பேசிய நாளில் கொடுத்தேனா?

இதோடு இன்னும் ஒன்று. புத்தகம் வந்ததும் நன்றிப் பக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள், ஒரு பிரதியும் கொடுங்கள். அவர் வேலை நன்றாக நடந்திருந்தால், படிப்பவருக்கு அவர் இருந்ததே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

அப்படியும் ஒரு பிழை தப்பித்து அச்சில் உட்கார்ந்திருந்தால்? அந்தக் காலப் புத்தகங்களில் கடைசியில் 'பிழை திருத்தம்' என்றே ஒரு பக்கம் ஒட்டிக் கொடுப்பார்கள். பெரிய பெரிய அறிஞர்களின் பதிப்புகளிலும் அது உண்டு. இ-புக் என்றால் இன்னும் சுலபம், திருத்திய ஃபைலை மறுபடி ஏற்றிவிடலாம். 'பக்கம் 41-ல ஒரு தப்பு இருக்கு' என்று முகம் தெரியாத வாசகர் மெசேஜ் அனுப்பினால், 'அவருக்கென்ன தெரியும்' என்று கடந்துவிடாதீர்கள். நன்றி சொல்லி, குறித்துவைத்து, அடுத்த பதிப்பில் மாற்றுங்கள். 41-வது பக்கம் வரை ஊன்றிப் படித்தவர் அவர்.